ஒரு ஏஜென்சி கைவிட்டால் உண்மையில் போவது எவ்வளவு?

சங்கரன்கோவில் ஏஜென்சிக்காரர் போன் போட்டு, "அடுத்த மாசத்துல இருந்து உங்க சரக்கு எடுக்கல" என்று சொல்லிவிட்டால், ராயகிரியில் உற்பத்தி செய்பவர் முதலில் போடும் கணக்கு ஒன்றுதான். மொத்த விற்பனையில் அவர் பங்கு எத்தனை சதவீதமோ, அத்தனை சதவீதம் போயிற்று என்பார். இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பிசகு. லாபத்தில் அதைவிட மிக அதிகமாகப் போகும். விற்பனையில், சரியாக வேலை செய்தால், அதைவிடக் குறைவாகத்தான் போகும். எவ்வளவு குறைவாக என்பது அடுத்த சில வாரங்களில் விற்பனைப் பிரிவில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கம் ஊறுகாய், அப்பளம், மிட்டாய், பினாயில், துண்டு, கைலி என்று எதையாவது தயாரிக்கும் சிறு நிறுவனங்களில் ஆர்டர் எடுக்கவும் வசூலுக்கும் அலையும் இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனியில் இதற்கென்று ஏரியா மேனேஜர், கணக்குப் பிரிவு, வக்கீல் எல்லாரும் இருப்பார்கள். சின்ன கம்பெனியில் முதலாளியும் நீங்களும்தான்.

லாபம் எப்படிக் கரைகிறது

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்திலேயே இருப்பதால் ஊறுகாய் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புரிவதற்காக நான் வைக்கும் எண்கள்தான் இவை. மாத விற்பனை 6,00,000 ரூபாய். அதில் சங்கரன்கோவில் ஏஜென்சி 2,40,000. ராஜபாளையம் 1,50,000. தென்காசி 90,000. கோவில்பட்டி 70,000. சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் சொந்த வண்டியில் போடுவது 50,000.

காய், எண்ணெய், வத்தல், பாட்டில், லேபிள், லாரி வாடகை என்று சரக்கோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவு விற்பனையில் 70 சதவீதம் என்று வையுங்கள். மீதி 1,80,000. கட்டட வாடகை, மாதச் சம்பளம், வங்கித் தவணை என்று சரக்கு போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டியது 1,20,000. கையில் நிற்கும் லாபம் 60,000.

இப்போது சங்கரன்கோவிலை எடுத்துவிடுங்கள். விற்பனை 3,60,000. அதில் 30 சதவீதம் 1,08,000. நிலையான செலவு அதே 1,20,000. மாதம் 12,000 நஷ்டம். விற்பனையில் நாற்பது சதவீதம் குறைந்ததும் லாபம் முழுவதும் போய், அதற்கு மேலும் கையைக் கடிக்கிறது.

அதே கணக்கு ஒரு ஆறுதலும் சொல்கிறது. 4,00,000 விற்றால் போட்டதும் எடுத்ததும் சரியாகிவிடும். ஆகவே இழந்த 2,40,000-ஐயும் உடனே பிடித்தாக வேண்டியதில்லை. முதல் இலக்கு 40,000 மட்டுமே. முதலாளி பதறும்போது இந்த எண்ணைத் தாளில் எழுதி அவர் முன்னால் வைக்கிற ஊழியர் அந்த நிறுவனத்துக்கு மிகவும் வேண்டியவர். உங்கள் நிறுவனத்தின் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப்பிள்ளையிடம் கேட்டு மாறும் செலவு எது, மாறாத செலவு எது என்று பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் விற்பனை வேலையில் இருப்பது ஆபத்து.

பாக்கி இன்னொரு அடி. நாற்பத்தைந்து நாள் கடனில் சரக்கு போட்டிருந்தால், அந்த ஏஜென்சியிடம் நிற்கும் பணம் 3,60,000. நம் எடுத்துக்காட்டில் அது ஆறு மாத லாபம். பில் போட்ட சரக்குக்கு ஜிஎஸ்டியும் ஏற்கெனவே கட்டியாயிற்று. பணம் வராமலே போனால், வராக்கடன் என்று காட்டி அந்த வரியைத் திரும்பக் கேட்க ஜிஎஸ்டி சட்டத்தில் இடமில்லை. சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைக்கலாம். அதற்கும் கெடு உண்டு: அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தியோ அது. அதனால் விற்க முடியாத பழைய ஸ்டாக்கை ஏஜென்சி கோடவுனிலேயே கிடக்க விடாமல் சீக்கிரம் எடுப்பது நல்லது.

விற்பனை ஒரே நாளில் விழுவதில்லை

ஏஜென்சி நின்ற மறுநாளே கடையில் பாட்டில் காலியாகிவிடாது. ஏஜென்சி கோடவுனில் கொஞ்சம், கடை அலமாரியில் கொஞ்சம், வீட்டு அடுக்களையில் கொஞ்சம் என்று சரக்கு வழிநெடுக நிற்கிறது. நம் பில் புத்தகத்தில் பூஜ்யம் விழுந்த பிறகும் சில வாரம் வீடுகளில் நம் ஊறுகாய் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சில வாரம்தான் நமக்குக் கிடைத்த அவகாசம். அலமாரியில் நம் பாட்டில் தீர்ந்து, அந்த இடத்தில் வேறு கம்பெனிப் பாட்டில் உட்கார்ந்துவிட்டால் பிறகு உள்ளே நுழைவது இரட்டை வேலை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. புதிய ஏஜென்சி பிடித்ததும் முதல் லோடு பெரிதாகப் போகும். "பழையவரைவிட இவர் மேல்" என்று முதலாளி மகிழ்வார். அந்த லோடு கோடவுனை நிரப்பத்தான் போயிற்று, மக்கள் வாங்கியதற்கு அது சாட்சி ஆகாது. இரண்டாவது, மூன்றாவது ஆர்டர் எத்தனை நாள் இடைவெளியில் வருகிறது என்பதைப் பார்த்த பிறகே நிலைமையைப் பற்றி வாய் திறக்கலாம். கம்பெனியிலிருந்து ஏஜென்சிக்குப் போவதைப் பிரைமரி என்றும், ஏஜென்சியிலிருந்து கடைக்குப் போவதைச் செகண்டரி என்றும் லைனில் சொல்வார்கள். ரிப்போர்ட் எழுதும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நின்றுபோன வியாபாரி வைத்திருந்த சரக்கும் நமக்கு எதிராகவே திரும்பும் என்பதற்கு அமெரிக்காவின் டாய்ஸ் ஆர் அஸ் பெரிய சான்று. பொம்மைகளுக்கென்றே நாடு முழுக்கக் கடை வைத்திருந்த அந்த நிறுவனம் 2017 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. 2018-ல் அமெரிக்கக் கடைகளை மூடியது. பொம்மை தயாரிக்கும் ஹாஸ்ப்ரோவுக்கு 2017 விற்பனையில் சுமார் 9 சதவீதம் அந்தக் கடைகள் வழியாகத்தான் போனது. அப்படியானால் 9 சதவீதம் குறைய வேண்டும். ஆனால் 2018-ன் முதல் காலாண்டில் ஹாஸ்ப்ரோவின் வருவாய் 16 சதவீதமும், அந்த ஆண்டு முழுவதுமாகப் பார்த்தால் 12 சதவீதமும் குறைந்தது. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் மூடும் கடைகள் கைச்சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டபோது, அதே பொம்மையை முழு விலைக்கு வைத்திருந்த மற்றக் கடைகளின் வியாபாரமும் அடிபட்டது முக்கியக் காரணம்.

சங்கரன்கோவிலிலும் இதேதான் நடக்கும். விட்டுப்போகும் ஏஜென்சி கோடவுனில் இருக்கும் ஊறுகாயைக் கேட்ட விலைக்குத் தள்ளினால், ராஜபாளையம் ஏஜென்சிக்காரர் நம்மைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். அவரும் விலையைக் குறைக்கச் சொல்வார். ஒருவர் போனதன் விலையை ஐந்து ஊரிலும் கொடுக்க நேரும். கோடவுன் சரக்கைத் திரும்ப எடுக்கும் செலவு இதைவிடக் குறைவு. முதலாளி தயங்கினால் எடுத்துச் சொல்லுங்கள்.

அவரோடு சேர்ந்து என்னென்ன போகிறது

ஏஜென்சி என்பது வெறும் கோடவுன் என்று நினைக்கும் உற்பத்தியாளர்கள் நிறையப் பேர். அவரோடு போவதைப் பாருங்கள். எந்தக் கடைக்கு எந்தக் கிழமை லைன் வண்டி போகும் என்ற வழி போகிறது. எந்த அண்ணாச்சி ரொக்கம் கொடுப்பார், யார் அடுத்த வாரம் என்பார், யாருக்குக் கடன் போடவே கூடாது என்ற அறிவு போகிறது. கடைகளுக்கு அவர் தன் கைப்பணத்தில் கொடுத்துக்கொண்டிருந்த கடன் போகிறது. நம் சரக்கோடு அதே வண்டியில் ஏறிய பிஸ்கட்டும் சோப்பும் போகின்றன. நம் ஊறுகாய்க்கென்று மட்டும் தனி வண்டி அந்தக் கடைக்குப் போனால் டீசல் செலவுக்கே கட்டாது.

இந்த நான்கில் முதல் இரண்டையும் நாம் முன்பே நம் கையில் வைத்திருக்க முடியும். கடைப் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இந்த விஷயம் முழுவதின் உயிர். கடைப்பெயர், ஊர், உரிமையாளர் பெயர், போன் நம்பர், வழக்கமாக எடுக்கும் சரக்கு, கடைசியாக எடுத்த தேதி ஆகிய ஆறும் கம்பெனியின் நோட்டில் இருந்தால், ஏஜென்சி போனாலும் கடை போகாது. ஏஜென்சியின் சேல்ஸ்மேன் மண்டையில் மட்டும் இருந்தால் எல்லாம் போயிற்று. இன்றைக்கு வேலையில் இருக்கும் நீங்கள், ஏஜென்சி நன்றாக ஓடும்போதே, மாதத்தில் சில நாள் அவருடைய வண்டியில் ஏறி லைன் போய் இந்தப் பட்டியலைத் தயார்செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். "ஸ்கீம் எந்தக் கடையில ஓடுதுன்னு பார்க்கணும் அண்ணாச்சி" என்று சொல்லியே செய்யலாம். அதுவும் உண்மையான காரணம்தான்.

அடுத்த கேள்வி, வாங்குபவர் நம் பெயரைச் சொல்லிக் கேட்கிறாரா, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் போகிறாரா என்பது. பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரரே வேறு வழியில் சரக்கைத் தேடிக்கொள்வார். எடுத்துக் கொடுப்பதை வாங்கும் வாடிக்கையாளர் என்றால், நம் பாட்டில் இல்லாத குறையே யாருக்கும் தெரியாது. இதை அறிய ஆராய்ச்சி நிறுவனம் தேவையில்லை. ஒரு கடையில் அரை மணி நேரம் ஓரமாக நின்று, "ஊறுகாய் ஒண்ணு" என்கிறார்களா, பெயரைச் சொல்கிறார்களா என்று காது கொடுத்தால் போதும்.

சந்தைப் பங்குக்கும் கடைகளில் சரக்கு இருப்பதற்கும் உள்ள உறவு நேர்கோடாக இருப்பதில்லை என்று டேவிட் ரீப்ஸ்டைன், பால் ஃபாரிஸ் என்ற இரு சந்தையியல் பேராசிரியர்கள் 1995-ல் எழுதினார்கள். கடைகள் கூடக்கூட, ஒவ்வொரு புதிய கடையும் தரும் பங்கு முந்தியதைவிட அதிகமாகும் போக்கு பல பொருள்களில் தெரிகிறது. நம் ஊரில் இது புரிவது எளிது. சின்ன கிராமத்துப் பெட்டிக்கடையில் இரண்டு கம்பெனி ஊறுகாய்க்குத்தான் இடம் இருக்கும். அந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்வரை விற்பனையில் பாதி நமக்கு. பெரிய கடைகளில் மட்டும் இருந்தால் பத்து கம்பெனியோடு அடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஏஜென்சி போகும்போது கடை வாரியாகக் கணக்கெடுத்தால், பெட்டிக்கடைகளை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பது தெரியும். பெரும்பாலான சேல்ஸ்மேன்கள் நேர்மாறாக, டவுனில் இருக்கும் பெரிய கடைக்கே முதலில் ஓடுகிறார்கள்.

2017 மார்ச்: கடைகள் கையை விரித்தபோது

அலமாரி கடைக்காரர் கையில் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் பார்த்தது 2017-ல். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், விக்கிரமராஜா தலைமையிலான தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் வெள்ளையன் தலைமையிலான வணிகர் சங்கப் பேரவையும், மார்ச் 1 முதல் பெப்சி, கோக் பானங்களை விற்க வேண்டாம் என்று கடைக்காரர்களுக்கு அழைப்பு விடுத்தன. தண்ணீர்ப் பிரச்சினையும் அதோடு சேர்ந்திருந்தது. கங்கைகொண்டான் சிப்காட்டில் இந்தப் பானங்களைத் தயாரிக்கும் ஆலைகள் தாமிரபரணித் தண்ணீர் எடுப்பதற்கு 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்திருந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அழைப்பு அமலுக்கு வந்த மறுநாளே, மார்ச் 2 அன்று, அந்தத் தடையை நீக்கியது.

தண்ணீர் எடுக்க நீதிமன்றம் வழி விட்டது, ஆலை இருந்தது, விளம்பரத்துக்குப் பணம் இருந்தது. ஆனால் கடையின் குளிர்பெட்டியில் எதை வைப்பது என்று தீர்மானிப்பவர் கடைக்காரர். எல்லாக் கடையும் எல்லா நாளும் கட்டுப்படவில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கோடையில் விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் போவோண்டோ பல கடைகளில் முன்வரிசைக்கு வந்தது. பல வருடமாகப் பின்னால் தள்ளப்பட்டிருந்த ஒரு வட்டாரச் சரக்கு, ஊர்க்கடைகளோடு வைத்திருந்த பழைய தொடர்பால் அந்தக் காலியிடத்தைப் பிடித்தது. ஒருவர் இழந்த அலமாரி அப்படியே காலியாக இருப்பதில்லை என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கும் சான்று இது.

ஏன் விட்டுப் போகிறார்கள்

"அவருக்குக் கொழுப்பு" என்று முதலாளி சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டில் எழுத வேண்டாம். ஏஜென்சிக்காரர்கள் பெரும்பாலும் கணக்குப் பார்த்தே விடுகிறார்கள். கடைகளுக்குக் கொடுத்த சலுகைக்கான ஸ்கீம் பணமும், சேதமான சரக்குக்கான டேமேஜ் பணமும் மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை. தேதி முடிந்த சரக்கைக் கம்பெனி எடுக்கவில்லை. போட்டிக் கம்பெனி கூடுதல் மார்ஜின் கொடுத்தது. அவர் ஊரிலேயே அவருக்குத் தெரியாமல் கம்பெனி நேரடியாகச் சரக்கு போட்டது. மகன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டதால் கடையையே சுருக்குகிறார் என்பதும் இப்போது அடிக்கடி கேட்கும் காரணம்.

2021 டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு பெரிய நிறுவனங்களுக்கு எதிராகக் கிளம்பியதும் இப்படி ஒரு கணக்கால்தான். ஜியோமார்ட், மெட்ரோ, உடான் போன்ற மொத்த விற்பனை நிறுவனங்களுக்கு ஒரு விலை, பரம்பரையாகக் கடைகடையாகப் போடும் தங்களுக்கு ஒரு விலையா என்பது அவர்கள் கேள்வி. 2022 ஜனவரி 1 முதல் ஒத்துழையாமை என்று அறிவித்து, மகாராஷ்டிராவில் இந்துஸ்தான் யூனிலீவர், கோல்கேட் நிறுவனங்களின் சில பொருள்களை எடுக்காமல் நிறுத்தினார்கள். அதன் பிறகு நிறுவனங்கள் பேச்சுக்கு வந்தன. அவ்வளவு பெரிய கம்பெனியையே உட்கார வைத்த ஒரு குறையை, நம் சங்கரன்கோவில் ஏஜென்சிக்காரர் தனி ஆளாகச் சொல்லும்போது தட்டிக்கழிக்கிறோம்.

விட்டுப்போனவரிடம் காரணம் கேட்டு வரும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சண்டைக்கும் சமாதானத்துக்கும் போகிற பயணமாக அது இருக்க வேண்டாம். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே குறித்து வாருங்கள். முடிந்தால் ஸ்கீம் பாக்கி எவ்வளவு என்று அவர் கணக்கையும் நம் கணக்கையும் ஒத்துப்பார்த்து வாருங்கள். அந்தக் காரணம் மற்ற மூன்று ஏஜென்சியிலும் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இருந்தால் அடுத்த போன் ராஜபாளையத்திலிருந்து வரும்.

முதல் வாரம்

முதல் நாளே பட்டறையில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லிவிடுங்கள். சங்கரன்கோவிலுக்கென்று போட்டுவைத்த சரக்கு கண்முன் அடுக்கியிருந்தால், அதைத் தள்ளிவிடும் அவசரத்தில் தப்பான ஆளுக்குக் கடன் போடுவோம்.

அதன் பிறகு கடைகள். சேதி உங்களுக்கு முன்னால் அங்கே போயிருக்கும்.

"என்ன தம்பி, உங்க ஏஜென்சி விட்டுட்டாராமே? கம்பெனி ஓடுதா, மூடியாச்சா?"

"ஓடுது அண்ணாச்சி. புது ஆள் பாக்கிறோம். அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை நானே கொண்டாந்து போடுறேன். போன தடவை ரெண்டு பெட்டி எடுத்தீங்க. இப்ப ஒண்ணு போதுமா?"

பழைய ஏஜென்சியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாதீர்கள். அண்ணாச்சிக்கும் அவருக்கும் இருபது வருடப் பழக்கம் இருக்கும், அவரிடம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் கடன் பாக்கியும் இருக்கும். செவ்வாய் என்று சொன்னால் செவ்வாய் போய் நிற்க வேண்டும். தவணை தப்பினால் கம்பெனி மூடியாயிற்று என்ற பேச்சுக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள். ஆடித்தபசுத் திருவிழா நேரம் என்றால் இன்னும் கவனம். சங்கரன்கோவிலில் கூட்டம் கூடும் அந்த நாள்களில் அலமாரியில் இல்லாத சரக்கு, பிறகும் கொஞ்ச காலத்துக்கு நினைவில் இருக்காது.

எல்லாக் கடைக்கும் போக உங்களால் முடியாது. பட்டியலை எடுத்து, சரக்கு அதிகம் எடுக்கும் கடை, நம்மைத் தவிர இன்னொரு கம்பெனி மட்டும் இருக்கும் சின்னக்கடை என்ற இரண்டு வகையை முதலில் பிடியுங்கள். மற்றவை காத்திருக்கட்டும். நம் எடுத்துக்காட்டில் 40,000 ரூபாய் சரக்கு இந்த இரண்டு வகையிலேயே கிடைத்துவிடலாம்.

இப்படி ஓடி ஓரளவு விற்றுவிட்டால் முதலாளிக்கு ஒரு ஆசை வரும்: "ஏஜென்சியே எதுக்கு? மார்ஜின் நமக்கே மிச்சமாகுதே." நைக்கி நிறுவனமே அந்த ஆசைக்கு ஆட்பட்டது. 2017-லிருந்து பல கடைகளுக்குச் சரக்கை நிறுத்தி, தன் சொந்தக் கடையிலும் இணையத்திலும் விற்பதில் முனைந்தது. 2023-ல் அமெரிக்காவின் மேசிஸ், டிஎஸ்டபிள்யூ கடைகளுக்குத் திரும்பிப்போய்ச் சரக்கு கொடுத்தது. மார்ஜின் மிச்சமாவது தெரியும். ஏஜென்சி சுமந்த டீசல், கடன், சேல்ஸ்மேன் சம்பளம், வராத பாக்கி எல்லாம் நம் தலையில் வந்து இறங்குவது ஒரு வருடம் கழித்தே தெரியும். சிவகிரி, வாசுதேவநல்லூர் மாதிரி பக்கத்து ஊர்களுக்கு நேரடி வண்டி கட்டும். சங்கரன்கோவிலுக்குத் தற்காலிகமாக மட்டும் செய்யலாம் என்பது என் கருத்து.

பாக்கியைக் கையில் வாங்க

மனக்கசப்பு முற்றுவதற்குள் முதலில் ஒரு பாக்கி உறுதிக் கடிதம் வாங்குங்கள். இந்தத் தேதி வரை இவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று ஏஜென்சியின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள ஒரே தாள் போதும். கடனை வசூலிக்க வழக்குப் போடும் கெடு பொதுவாக மூன்று வருடம். கெடு முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக எண்ணப்படும்.

உற்பத்தியாளர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் 2006-ம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் கைகொடுக்கும். எழுத்தில் என்ன தவணை போட்டிருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. இணையவழியில் மனு போடலாம். அது மாநில வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும்.  உத்யம் பதிவு சரக்கு அனுப்புவதற்கு முன்பே இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சண்டை வந்தபின் பதிவு செய்து பலன் தேடுவது கடினம்.

ஏஜென்சியைக் கணக்குக் கொடுக்க வைக்கும் இன்னொரு விஷயம் வருமான வரி. 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். மார்ச் மாதம் நெருங்கும்போது இதைப் பணிவாக நினைவூட்டினால் வேலை நடக்கும், அவருடைய ஆடிட்டரும் நம் பக்கம் பேசுவார்.

செக் திரும்பினால் நாள் கணக்கு முக்கியம். வங்கியின் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். "நாளைக்கு வாங்க தம்பி" என்று ஏஜென்சியில் உட்கார வைத்தே இந்தக் கெடுவைத் தாண்டச் செய்துவிடுவார்கள். கெடுத் தேதிகளை நோட்டில் எழுதி முதலாளிக்கும் சொல்லிவிடுங்கள்.

புதியவரைப் பிடிக்கும்போது

ஒரே வாடிக்கையாளர் வருவாயில் பத்து சதவீதத்தைத் தொட்டாலே பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் அதைக் கணக்கறிக்கையில் வெளியிட வேண்டும் என்று இந்தியக் கணக்கியல் தரம் சொல்கிறது. சின்ன கம்பெனிக்குப் பத்து சதவீதம் கனவு. ஆனால் நாற்பது என்பது ஆபத்து மணி. இந்தப் பக்கத்து ஆள்களுக்கு இதைப் புத்தகத்திலிருந்து சொல்லத் தேவையில்லை. வாசுதேவநல்லூர் சர்க்கரை ஆலை நின்றபோது, அந்த ஒரே ஆலையை நம்பிக் கரும்பு போட்டவர்கள் நிலுவைக்காகத் தெருவில் உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஒரே வியாபாரியிடம் பாவும் ஊடையும் வாங்கி அவருக்கே சேலை நெய்து கொடுக்கும் விசைத்தறிக்காரருக்கும் அந்தப் பயம் தினமும் இருக்கிறது.

அதனால் சங்கரன்கோவிலுக்குப் புது ஆளைத் தேடும்போது பழையவர் வைத்திருந்த பரப்பை அப்படியே ஒருவரிடம் கொடுக்காமல், டவுனை ஒருவருக்கும், கிராம லைனை இன்னொருவருக்கும் பிரிக்கப் பாருங்கள். இருவர் எல்லையும் எழுத்தில் இருக்கட்டும். அதோடு இவையும் எழுத்தில் வேண்டும்: விட நினைத்தால் இரு தரப்பும் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கைச்சரக்கைக் கம்பெனி என்ன விலைக்குத் திரும்ப எடுக்கும், ஸ்கீம் பணம் எத்தனை நாளில் வரும், கடை வாரியான விற்பனையை மாதாமாதம் கம்பெனிக்குத் தருவது. டெபாசிட் தொகை எவ்வளவு, கடன் உச்சவரம்பு எவ்வளவு என்பதையும் சேருங்கள். ஏஜென்சிக்காரர் கடை விவரம் தரத் தயங்கினால், ஸ்கீம் பணத்தை அந்த விவரத்தோடு இணைத்துவிடுங்கள். கடைப்பெயர் இல்லாத கிளைமுக்குப் பணம் இல்லை என்று சொன்னால் தயக்கம் போய்விடும்.

பழையவரையும் அடியோடு விட்டுவிடாதீர்கள். கணக்கு முடித்து, ஸ்கீம் பாக்கியைக் கொடுத்து, கடைசி ரூபாய்வரை தீர்த்துப் பிரிந்தால் ஆறு மாதத்தில் அவரே இன்னொரு ஊருக்கு ஆள் சொல்லுவார்.

இந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் அதைச் சொந்தக் கணக்கிலும் எழுதி வைக்க வேண்டும். ராஜபாளையத்திலோ மதுரையிலோ பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகும்போது "டார்கெட் அடிப்பேன்" என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் வேறு மாதிரி சொல்லலாம்: விற்பனையில் இவ்வளவு பங்கு வைத்திருந்த ஏஜென்சி நின்றது, கடைப் பட்டியலில் இத்தனை கடையை முதல் மாதத்தில் தக்கவைத்தேன், பாக்கியில் இவ்வளவு வசூலித்தேன், புதிய ஏஜென்சியின் மூன்றாவது ஆர்டர் இந்தத் தேதியில் வந்தது. பழைய நிறுவனத்தின் விலையையும் கடைப் பெயர்களையும் அங்கே விட்டுவிட்டு, எண்களையும் செய்த முறையையும் மட்டும் எடுத்துப் போங்கள். இன்டர்வியூ எடுப்பவரும் ஒரு காலத்தில் லைன் போனவராகத்தான் இருப்பார். மூன்றாவது ஆர்டரைப் பற்றி அவரே திருப்பிக் கேட்பார். அந்தத் தேதியையும் தொகையையும் நினைவில் வைத்திருங்கள்.